‘பாட்டை மட்டும் போடு’ என்பவர்களுக்கு

காலை நிகழ்ச்சி நடத்தும் ஆர்ஜே ஒருவர் இரண்டு பாட்டுக்கு நடுவே ஆட்சியைப் பற்றியோ ஒரு சட்டத்தைப் பற்றியோ தன் கருத்தைச் சொல்லிவிட்டால் போதும், “நீ பாட்டைப் போடு, அரசியல் உனக்கு எதுக்கு?” என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கேட்பவர்கள் எல்லோரும் ஆளுங்கட்சிக்காரர்கள் இல்லை. பெரும்பாலோர் களைத்துப்போனவர்கள். இரவு தொலைக்காட்சி விவாதத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டுவிட்டுத் தூங்கி, காலையில் அடுப்படியிலோ ஆட்டோவிலோ இளையராஜா கேட்க நினைப்பவருக்கு அங்கேயும் கட்சிப் பேச்சு வேண்டாம் என்று தோன்றினால் அதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் களைப்பின்மேல் ஒரு கொள்கையையே கட்டி எழுப்பிவிட்டார்கள். இசை வானொலி அரசியலுக்கு அப்பாற்பட்டது, அதைத் தொகுத்து வழங்குபவரும் அப்படியே இருக்க வேண்டும் என்பது இன்று ஊரே ஒப்புக்கொண்ட நியாயம். நிலைய நிர்வாகங்கள் அதையே விதியாக வைத்திருக்கின்றன. அரசு அதையே உரிம நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கிறது.

இதன் முதல் பாதியே உண்மையில்லை. தேர்தல் நேரத்தில் ஏதாவது ஒரு எஃப்எம்மை ஒரு மணி நேரம் விடாமல் கேட்டுப் பாருங்கள். பாட்டு முடியும், நிலையத்தின் ஜிங்கிள் வரும், அடுத்து ஒரு கட்சியின் ஸ்பாட் வரும். எதிரணி நாட்டை எப்படிக் கெடுத்தது, நாங்கள் வந்தால் என்னென்ன தருவோம் என்று சில விநாடிகளில் சொல்லி முடிப்பார்கள். தேர்தல் ஆணையத்தின் சான்றளிப்புக் குழு முன்கூட்டியே கேட்டு அனுமதித்த விளம்பரம் அது, சட்டப்படி குறையில்லாதது. அது முடிந்ததும் ஆர்ஜே கன்சோலில் தன் மைக்கின் ஃபேடரை ஏற்றுவார். இப்போது கேட்டதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அதே மாதிரி இன்னும் மூன்று கட்சிகளின் ஸ்பாட்டுகள் அவருடைய நிகழ்ச்சிக்குள் வந்து போகும். காசு கொடுத்தவர்களின் அரசியல் கருத்துகள் நடுவே, காசு கொடுக்காத ஒரே குரலாக அவர் மட்டும் வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

தேர்தல் இல்லாத நாட்களிலும் நிலைமை இதுதான். 2014 அக்டோபர் 3 முதல் பிரதமர் மாதம்தோறும் வானொலியில் பேசுகிறார்; தனியார் நிலையங்களும் அந்த உரையை எடுத்து ஒலிபரப்பலாம். மத்திய, மாநில அரசுகளின் சாதனை விளம்பரங்கள் நிலையங்களுக்கு முக்கியமான வருமானம். 2019 ஜனவரியில் தனியார் எஃப்எம்கள் செய்தியும் ஒலிபரப்பலாம் என்று அரசு சலுகை காட்டியபோது, ஆகாஷ்வாணியின் செய்தி அறிக்கையை ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே தர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆகவே ஆள்பவர் பேசலாம், ஆள விரும்புபவர் கட்டணம் கட்டிப் பேசலாம், அரசு வானொலியின் செய்திப் பிரிவு பேசலாம். ஆளப்படுபவர்களோடு தினமும் நான்கு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பவர் மட்டும் பேசக் கூடாது. இதை நடுநிலை என்று சொல்வதை நான் ஏற்க மறுக்கிறேன். யாருக்கு மைக் என்று முன்பே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நிபந்தனைகளை வாசித்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். தனியார் பண்பலையின் மூன்றாம் கட்டத்துக்காக 2011-இல் வந்த கொள்கை, செய்தியும் நடப்பு நிகழ்வும் கூடாது என்ற பழைய தடையை வைத்துக்கொண்டே, எவையெல்லாம் ‘செய்தி அல்ல’ என்று ஒரு பட்டியல் தந்தது. நேரடி ஒலிபரப்பு தவிர்த்த விளையாட்டுத் தகவல், போக்குவரத்து, வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு ஆகியவற்றோடு மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர், சுகாதார எச்சரிக்கை குறித்த பொது அறிவிப்புகளையும் சொல்லலாம். ஆனால் இந்தக் கடைசி வகைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளூர் நிர்வாகம் தருகிறபடிதான் சொல்ல வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலே ஆகாஷ்வாணியின் நிகழ்ச்சி நெறிமுறையும் தனியார் நிலையங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஒரு கட்சியைப் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது, மத்திய அரசையோ எந்த மாநில அரசையோ பகைமையோடு விமர்சிக்கக் கூடாது என்று 1960-களின் கடைசியில், வானொலி முழுக்க முழுக்க அரசின் கையில் இருந்த காலத்தில் உருவான நெறிமுறை அது.

‘உள்ளூர் நிர்வாகம் தருகிறபடி’ என்றால் நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு 2019-ஆம் ஆண்டுச் சென்னையைப் பார்த்தால் போதும். முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்ததால் அந்தக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு கிடந்தன. மெட்ரோ வாட்டர் லாரி எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்று தெரியாமல் பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். ஐடி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. உணவகங்கள் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்தன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது.

தண்ணீர் வரவில்லை என்றால் தமிழ்நாட்டில் மக்கள் முதலில் யாரிடம் போவார்கள்? வார்டு கவுன்சிலரிடம். ஆனால் சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இந்த ஐந்தாண்டுக்கு மேலான காலத்தில் நகரத்தில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது, மேயரும் கிடையாது, அதிகாரிகளின் ஆட்சிதான். தண்ணீர் ரயில் வந்து நின்ற நாளில், வியாசர்பாடியிலோ பள்ளிக்கரணையிலோ குடத்தோடு நின்ற ஒருவர் உரிமையோடு கூப்பிட்டுக் கேட்க ஒரு மக்கள் பிரதிநிதி அந்த வார்டில் இல்லை. அவர் கூப்பிட்டால் எடுத்து, “சொல்லுங்க அக்கா, எந்த ஏரியா?” என்று கேட்கக்கூடிய ஒரு குரல் எஃப்எம்மில்தான் இருந்தது. அந்தக் குரலுக்குச் சொல்லித் தரப்பட்டது என்ன? லாரி அட்டவணையை நிர்வாகம் கொடுத்தால் வாசி. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல். அதற்கு மேல், ஏரிகளை ஏன் தூர்வாரவில்லை, உள்ளாட்சித் தேர்தலை ஏன் நடத்தவில்லை, நடத்தாதது தவறுதானே என்று கேட்டால் அது அரசியல். அந்த அக்காவின் கேள்வியோ முழுக்க முழுக்க அதுதான். அவருக்கு ஆறுதலாக ஒரு மழைப்பாட்டுப் போடுவதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை.

“உள்ளூர்க் குறைகளைப் பேசட்டும், அரசியல் கருத்து மட்டும் வேண்டாம்” என்று சிலர் நடுவழி சொல்வார்கள். அப்படி ஒரு நடுவழி கிடையாது என்பதை மும்பை 2017-இல் காட்டிவிட்டது. அந்த ஜூலை மாதம் ரெட் எஃப்எம்மின் ஆர்ஜே மலிஷ்கா, அப்போது மராத்தியில் பரவலாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பாட்டின் மெட்டில், சாலைப் பள்ளங்களையும் மழையில் நின்றுபோகும் ரயில்களையும் பற்றிப் பாடினார். பாட்டு கேட்டதெல்லாம் மாநகராட்சியின் மேல் உனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பதைத்தான். மும்பையில் ஆட்டோ ஏறிய எவரும் கேட்கக்கூடிய கேள்வி அது. மாநகராட்சியோ சிவசேனையின் கையில் இருந்தது. அக்கட்சியின் கவுன்சிலர்கள் 500 கோடி ரூபாய்க்கு அவதூறு வழக்குப் போட வேண்டும் என்று கோரினார்கள். அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள் மாநகராட்சியின் பூச்சி ஒழிப்புப் பிரிவினர் மலிஷ்காவின் வீட்டுக்குப் போய்ச் சோதனை போட்டு, டெங்கு கொசுவின் லார்வா கிடைத்தது என்று சொல்லி அவருடைய தாயாரின் பெயருக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள்.

இங்கே கருத்து எங்கே முடிந்து குறை எங்கே தொடங்கியது? பள்ளம் இருக்கிறது என்பது தகவல். அது இருப்பது வெட்கக்கேடு என்பது கருத்து. அதற்கு இன்னார் பொறுப்பு என்பது அரசியல். மூன்றையும் ஒரே மூச்சில்தான் மனிதர்கள் சொல்வார்கள். முதல் இரண்டையும் அனுமதித்துவிட்டு மூன்றாவதை மட்டும் தடுத்தால், பள்ளம் தானாக விழுந்தது என்றும் தண்ணீர் தானாக வற்றியது என்றும் கேட்பவர் நம்பும்படி ஆகும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்ததை ‘இயற்கைப் பேரிடர்’ என்ற தலைப்பில்தான் எஃப்எம்கள் பேச முடிந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட விதம் உட்பட, அது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறையின் அறிக்கை எழுதியது. அதிகாரபூர்வமாக அதைச் சொல்ல இரண்டரை ஆண்டு ஆயிற்று. வெள்ளம் வடிந்த வாரத்திலேயே அடையாற்றுக் கரையில் வீடிழந்த எல்லோரும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இன்னொரு நம்பிக்கையும் இந்த வாதத்துக்குள் இருக்கிறது. பேச்சில்தான் அரசியல் வரும், பாட்டு தூய்மையானது என்பது அது. இந்திய வானொலியின் வரலாறே இதற்கு எதிர்ச்சாட்சி. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று முடிவு செய்து அகில இந்திய வானொலியிலிருந்து அதை விரட்டினார். எது பண்பாடு, எது கீழ்மை என்ற அரசியல் தீர்ப்பு அது. நேயர்கள் மொத்தமாக இலங்கை வானொலிக்குப் போனார்கள். அதன் தமிழ்ச் சேவையைக் கேட்டே வளர்ந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்களைத் திரும்ப அழைக்க 1957-இல் விவித் பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத்திலிருந்து, கிஷோர் குமாரின் பாட்டுகள் வானொலியிலும் தூர்தர்ஷனிலும் நிறுத்தப்பட்டன. இந்திரா காந்தியின் இருபது அம்சத் திட்டத்துக்கான பிரச்சாரத்தில் ஒத்துழைக்க மறுத்தார் என்பதே அவர் செய்த குற்றம். அந்த நாட்களில் கிஷோரின் காதல் பாட்டு ஒன்றைத் துணிந்து ஓடவிட்டிருந்தால், ஒரு சொல்லும் பேசாமலே அந்த அறிவிப்பாளர் அரசியல் பேசியவர் ஆகியிருப்பார்.

அரசு இல்லாமல் முதலாளி செய்தாலும் இதுவேதான். 2003 மார்ச்சில், ஈராக் போர் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால், டிக்ஸி சிக்ஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக் குழுவின் பாடகி லண்டன் மேடையில் அதிபர் புஷ்ஷைக் குறை சொன்னார். அமெரிக்காவின் இசை நிலையங்கள் பலவற்றில் அவர்களின் பாட்டு நின்றது. கியூமுலஸ் நிறுவனம் தன் நாட்டுப்புற இசை நிலையங்கள் அனைத்திலும் நிறுத்தியது. அந்த மே மாதம் கொலராடோ மாநிலத்தில் இரண்டு அறிவிப்பாளர்கள் வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். அவர்கள் போரைப் பற்றி எதுவும் பேசவில்லை. நிலையத்தின் தடையை மீறி அந்தக் குழுவின் பாட்டைப் போட்டார்கள், அவ்வளவே. “பாட்டை மட்டும் போடு” என்ற கட்டளைக்கு அட்சரம் பிசகாமல் பணிந்தவர்களுக்கே அந்தக் கதி.

“ஆர்ஜேவுக்கு என்ன தகுதி?” என்ற கேள்வியை நான் நீளமாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. வாக்களிக்கத் தகுதி வேண்டாத நாட்டில், வாக்கைப் பற்றிப் பேசத் தகுதி வேண்டியதில்லை. எந்தப் பேட்டையில் எதற்காக மனிதர்கள் அழுகிறார்கள், எதற்காகச் சிரிக்கிறார்கள் என்பது தினம் ஐம்பது நேயர்களின் அழைப்பை எடுப்பவருக்குத் தெரிந்த அளவு, விவாத மேடைகளில் உட்காரும் பலருக்குத் தெரியாது.

தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டிய ஆட்சேபம் ருவாண்டா. 1993 ஜூலையில் அங்கே தொடங்கிய ஆர்டிஎல்எம் என்ற நிலையம் அச்சு அசலாக நம் எஃப்எம்கள் மாதிரிதான் இருந்தது. ஆட்டம் போட வைக்கும் காங்கோ இசை, அரட்டை, நகைச்சுவை, நேயர் அழைப்பு. அரசு வானொலியின் விறைப்பான குரலைக் கேட்டுச் சலித்த இளைஞர்கள் அதன் தொகுப்பாளர்களை நேசித்தார்கள். 1994 ஏப்ரலில் தொடங்கிய இனப்படுகொலையில் அதே தொகுப்பாளர்கள், அதே தோழமையான குரலில், துட்சிகளைக் கரப்பான்கள் என்றார்கள். யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லி அறிவித்தார்கள். நூறு நாட்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். நேயரின் நம்பிக்கை எவ்வளவு பெரிய சக்தி, அது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று இல்லை. ஆர்ஜேக்களின் கருத்துச் சுதந்திரத்துக்காக வாதாடும் எவரும் இதைக் கடந்துதான் வர வேண்டும்.

நான் கடந்து வருகிற வழி இது. ஆர்டிஎல்எம் ஆட்சியின் உள்வட்டம் பணம் போட்டுக் கட்டிய நிலையம். தொகுப்பாளர் ஒருவர் நிர்வாகத்தை மீறித் தன் சொந்த மனத்தைத் திறந்ததால் அங்கே கொலை விழவில்லை. நிர்வாகம் விரும்பியதையே அவர்கள் பேசினார்கள், மாறிப் பேச அங்கே யாருக்கும் இடமில்லை. ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் பின்னால் அவர்களைத் தண்டித்ததும் கருத்துச் சொன்னதற்காக அல்ல. ஜார்ஜ் ருகியு என்ற பெல்ஜியத்து அறிவிப்பாளருக்கு 2000-இல் 12 ஆண்டுச் சிறை கிடைத்தது, இனப்படுகொலைக்குத் தூண்டிய குற்றத்துக்காக. 2003 டிசம்பரில் நிலையத்தை நிறுவியவர்களும் தண்டிக்கப்பட்டார்கள். வன்முறைக்குத் தூண்டுவதும் சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவதும் நம் சட்டத்திலும் குற்றம்தான். அந்தக் குற்றத்தைத் தடுக்கிறேன் என்று சொல்லிக் குடிநீர் வாரியத்தைக் கேள்வி கேட்பவரின் வாயையும் சேர்த்துக் கட்டுவது நியாயமாகாது. ஒரே குரல் மட்டும் ஒலிக்கும் வானொலிதான் ஆபத்து என்பதே ருவாண்டா எனக்குச் சொல்வது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு பயத்தைப் பேசியாக வேண்டும். சூரியன் எஃப்எம் சன் குழுமத்தின் கையில் இருக்கிறது, ஹலோ எஃப்எம் தினத்தந்தி குழுமத்தின் கையில், மிர்ச்சி டைம்ஸ் குழுமத்தின் கையில். அரசியலோடு உறவும் தொழில் தேவையும் இல்லாத உரிமையாளர் யாருமில்லை. ஆர்ஜே பேசலாம் என்று விட்டால் முதலாளியின் கட்சிக்காகத்தான் பேசவைக்கப்படுவார், நமக்கு இன்னும் சில கட்சித் தொலைக்காட்சிகள்தான் படமில்லாமல் கிடைக்கும் என்கிறார்கள். இந்தப் பயம் நியாயமானது. நான் கேட்கும் சுதந்திரம் நிலையத்துக்கானது அல்ல, தொகுப்பாளருக்கானது. ‘இது என் கருத்து’ என்று அவர் தன் பெயரில் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்ததை வாசிக்க மறுத்தால் வேலை போகாது என்ற பாதுகாப்பு அவருடைய ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். கட்சியிடமோ வேட்பாளரிடமோ காசு வாங்கிக்கொண்டு அதைக் கருத்து என்று சொன்னால் அவர் மைக்கை விட்டுப் போக வேண்டும். அதில் எனக்கு இரக்கமே இல்லை. வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரம் எல்லோருக்கும் உள்ள கட்டுப்பாடு அவருக்கும் உண்டு. எல்லாவற்றையும்விட, மாற்றுக் கருத்துள்ள நேயரின் அழைப்பை எடுத்து, நடுவில் வெட்டாமல், முழுதாக ஒலிக்கவிட வேண்டும். நாளிதழ் பத்தி எழுத்தாளருக்கும் யூடியூபில் பேசுபவருக்கும் கிடைக்காத வாய்ப்பு அது. தப்பாகப் பேசினால் அடுத்த நிமிடமே மயிலாப்பூரிலிருந்தோ மாதவரத்திலிருந்தோ ஒருவர் கூப்பிட்டு, “தம்பி, நீங்க சொன்னது தப்பு” என்று அதே அலைவரிசையில் சொல்லலாம்.

பேச விருப்பமில்லாத ஆர்ஜேவைப் பேசச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் கூடாது. நாள் முழுவதும் பாட்டும் பிறந்தநாள் வாழ்த்துமாக ஒரு நிகழ்ச்சி நடந்தால், அதையும் நான் சந்தோஷமாகக் கேட்பேன். களைத்துப்போன நேயருக்கு அப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் எப்போதும் இருக்கும். பிடிக்காத பேச்சு வந்தால் நிலையத்தை மாற்ற ஒரு தொடுதல் போதும். கருத்தைக் கேட்க விரும்பும் நேயருக்கோ இன்றைக்குத் திருப்பிக்கொள்ள எந்த நிலையமும் இல்லை.

அலைவரிசை பொதுச்சொத்து, அதில் தனிமனிதர் கருத்துக்கு என்ன இடம் என்று கேட்பவர்கள், அந்தச் சொல்லை நமக்குத் தந்த தீர்ப்பை எடுத்து வாசிக்க வேண்டும். 1995 பிப்ரவரியில், வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்றது. அதன்பின் அரசின் ஏகபோகமும் கூடாது, தனியார் ஏகபோகமும் கூடாது, பலதரப்பட்ட கருத்துகளும் குடிமக்களைச் சென்று சேர வேண்டும் என்பதையே அது வலியுறுத்தியது. அந்தத் தீர்ப்பு வந்து முப்பது ஆண்டுகள் கடந்தும் வானொலியின் பொதுச்சொத்தில் பொதுமக்களின் பக்கத்திலிருந்து பேச ஆள் இல்லை.

2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தனியார் எஃப்எம்கள் ஒவ்வொரு மணி நேரத்திலும் 10 நிமிடம் வரை செய்தியும் நடப்பு நிகழ்வும் ஒலிபரப்ப அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. வரவேற்கிறேன். ஆனால் அந்த 10 நிமிடத்தைத் தனியாக ஒரு செய்தி வாசிப்பாளரிடம் கொடுத்துவிட்டு, மீதி 50 நிமிடமும் ஆர்ஜே பழையபடி ஊமையாக இருக்க வேண்டும் என்றால் எதுவும் மாறாது. கொள்கையைத் திருத்தும்போது, குடிநீரையும் மின்சாரத்தையும் பேரிடரையும் உள்ளூர் நிர்வாகம் தருகிறபடிதான் சொல்ல வேண்டும் என்ற வரியை எடுத்துவிட வேண்டும். அரசுகளை விமர்சிக்கக் கூடாது என்ற நெறிமுறை வாசகம் தனியார் நிலையங்களுக்குப் பொருந்தாது என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். தொகுப்பாளரின் ஒப்பந்தப் பாதுகாப்பை உரிமத்தின் நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும். நிலையங்களும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நிர்வாகம் அனுப்பிய லாரி அட்டவணையை வாசித்து முடித்த ஆர்ஜே, “இது போதாது என்று நான் நினைக்கிறேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று நேயரைக் கேட்பதை எந்தச் செய்தித் தடையும் தடுக்கவில்லை. அவரைத் தடுப்பது பக்கத்து அறையில் இருக்கும் நிகழ்ச்சித் தலைவரின் பயம்தான். அந்தத் தலைவர் அவரைப் பேச விடட்டும்.